நின்றுழைப்போர் கணக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியிலே, வெருகலுக்குத் தெற்கே, கீழைக் கடலைப் பார்த்தவாறு அமைந்துள்ளது கதிரவெளி. ஒருபுறம் கடல்; மறுபுறம் வயலும் காடும். கரைவலை இழுப்போரும், வட்டையிலே களை பிடுங்குவோரும், விறகு சுமப்போரும், கடையில் நின்று பண்டம் நிறுப்போரும், கரும்பலகையின் முன்னே நின்று கற்பிப்போரும் அங்கு வாழ்கின்றனர். இவர்தம் தொழில்கள் வேறு வேறு. ஆயினும் ஒன்றில் எல்லோரும் ஒப்பர். நாளின் பெரும்பகுதியை இவர்கள் கால்களின் மீதே கழிக்கின்றனர்.

அவ்வூரின் பழமைக்குச் சான்றாகப் பெருங்கற்காலத்துக் கற்பதுக்கைகள் அங்கே காணப்படுகின்றன. அப்பாறைகளைப் பெயர்த்துச் சுமந்து நிறுத்தியவர்கள் எவ்வளவு உழைத்தார்கள், அவ்வுழைப்பை ஈடுசெய்ய எவ்வளவு உண்டார்கள் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. உழைப்பின் விளைவு நிலைக்கின்றது; உழைத்த உடலின் கணக்கு மறைந்துவிடுகின்றது. இன்று அக்கணக்கை எழுதுவதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் உண்டு. நின்று வேலை செய்பவர் ஒருவர் ஒரு நாளில் எத்தனை கலோரி செலவிடுகின்றார் என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டே ஓரளவு மதிப்பிடலாம்.

இக்கேள்வியைப் பட்டினத்தார் இன்று மிகுதியாகக் கேட்கின்றனர். மணிக்கட்டிலே கட்டிய கருவியையும் கைப்பேசியையும் பார்த்து, “இன்று எவ்வளவு எரித்தேன்?” என்று அவர்கள் வினவுவது உடல் மெலிதற்பொருட்டு. கதிரவெளி போன்ற ஊரிலே அதே கேள்விக்குப் பொருள் வேறு. அங்கே, “இவ்வளவு செலவிட்ட உடலுக்கு அவ்வளவு திரும்பக் கிடைத்ததா?” என்பதே அறியவேண்டியதாகும். கணக்கு ஒன்று, நோக்கம் இரண்டு. இவ்வேறுபாட்டை மறந்தால், சரியாகப் போட்ட கணக்கும் பிழையான முடிவுக்கு நம்மைக் கொண்டுசெல்லும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

அளவை பிறந்த கதை

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசினால் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே, உணவுநூலார் கலோரி என்று வழங்கும் அளவு. நுண்மையாகச் சொன்னால் அது கிலோகலோரி. வழக்கிலே கலோரி என்று சுருங்கிவிட்டது. இக்கட்டுரையிலும் அவ்வழக்கையே பின்பற்றுகின்றேன்.

உயிருள்ள உடல் ஒருவகை அடுப்பு என்னும் கருத்தைச் சோதனையால் நிறுவியவர் பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானி இலவோசியே. 1782–83ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே அவரும் இலப்பிளாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துள் இருத்தி, அதன் உடல்வெப்பம் உருக்கிய நீரை நிறுத்துப் பார்த்தனர். அது வெளியிட்ட மூச்சையும் அளந்து, மூச்சுவிடுதல் மெல்ல நிகழும் எரிதலே என்னும் முடிவுக்கு வந்தனர். நூறாண்டு கழிந்தபின், 1890களில், அமெரிக்காவின் கனெக்டிக்கட் மாநிலத்திலே அற்வாட்டர் என்பவர் மனிதனே உள்ளே தங்கக்கூடிய அறையொன்றை அமைத்தார். அதனுள் ஒருவர் சில நாட்கள் வாழ்ந்து, உண்டு, உறங்கி, நிலைமிதிவண்டியை மிதிப்பார். அவர் உடலிலிருந்து வெளிப்பட்ட வெப்பம் முழுவதும் அளக்கப்படும். ஒரு கிராம் மாச்சத்தும் ஒரு கிராம் புரதமும் நந்நான்கு கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரியும் தரும் என்று இன்று பள்ளி மாணவரும் கூறும் இலக்கங்கள் அவருடைய ஆய்விலிருந்து வந்தவையே.

ஆனால் வயலில் நிற்பவளை அறைக்குள் அடைத்து வயல்வேலையை அளக்க முடியுமா? முடியாது. ஆகவே, வெப்பத்தை அளப்பதற்குப் பதிலாக மூச்சை அளக்கும் வழி கண்டனர். உடலினுள் ஒரு லீற்றர் ஒட்சிசன் பயன்பட்டால் ஏறத்தாழ 5 கலோரி வெளிப்படும். 1911ஆம் ஆண்டிலே ஆங்கிலேயராகிய டக்ளசு என்பார், வேலை செய்பவர் முதுகிலே சுமந்து செல்லத்தக்க காற்றுப்பை ஒன்றை விவரித்தார். வெளிவிட்ட மூச்சு அப்பையிலே சேரும். அதனை ஆராய்ந்தால் செலவான ஒட்சிசன் தெரியும். நெல் குற்றுவோர், மண் வெட்டுவோர், சுமை தூக்குவோர், துணி துவைப்போர் எனப் பல்வகை உழைப்பாளரின் செலவு இவ்வாறு மூச்சை அளந்தே அட்டவணைகளாயிற்று.

பிற்காலத்திலே இன்னும் நுட்பமான வழியொன்று தோன்றியது. இயல்பான அணுக்களினும் நிறை மிகுந்த ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, பின்னர் வரும் நாட்களிலே சிறுநீரை ஆராய்வர். குறித்த ஐதரசன் நீராக மட்டுமே வெளியேறும்; குறித்த ஒட்சிசனோ நீராகவும் மூச்சின் காபனீரொட்சைட்டாகவும் வெளியேறும். இரண்டின் வேறுபாட்டிலிருந்து மூச்சின் அளவும், அதிலிருந்து செலவான சக்தியும் பெறப்படும். மனிதரில் இம்முறையைக் கையாண்ட ஆய்வு 1982ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதற்கு முகமூடி வேண்டா, பை வேண்டா, உழைப்பவர் தம் போக்கில் உழைக்கலாம். ஆயினும் இதற்காகும் பொருட்செலவு பெரிது. ஆதலால் சாதாரண மதிப்பீட்டுக்கு அட்டவணையே இன்றும் துணை.

கணக்கிடும் முறை

முறை கடினமன்று. உண்ணாது, அசையாது, விழித்தபடி படுத்திருக்கும்போதும் நெஞ்சு துடிக்கின்றது, மூச்சு ஓடுகின்றது, உடல் வெப்பம் காக்கப்படுகின்றது. இதற்காகும் செலவை அடிப்படை அனுசேபம் என்பர். முதலில் இதனைக் கணிக்கவேண்டும். பின்னர், ஒவ்வொரு வேலையும் இவ்வடிப்படைச் செலவைப்போல் எத்தனை மடங்கு என்பதை அட்டவணையில் பார்த்து, அவ்வேலைக்கு எடுத்த மணித்தியாலத்தால் பெருக்கவேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் நாட்செலவு வந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, நாற்பது வயதும் 50 கிலோகிராம் நிறையும் உடைய ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். முப்பது முதல் அறுபது வயது வரையுள்ள பெண்களுக்கு, நிறையை 8.126ஆல் பெருக்கி 845.6ஐக் கூட்டவேண்டும் என்பது உலக நிறுவனங்கள் கையாளும் சமன்பாடு. அதன்படி இவளது அடிப்படைச் செலவு நாளொன்றுக்கு 1,252 கலோரி. மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 52.

இப்பெண் ஊர்க் கடையொன்றில் எட்டு மணித்தியாலம் நின்று வேலை செய்கின்றாள் என்க. பண்டங்களை எடுத்து அடுக்குதல், நிறுத்தல், சிறு சுமைகளைக் கொணர்தல் ஆகியவை அவள் வேலை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் பிறரும் 2001ஆம் ஆண்டு உரோமாபுரியில் கூட்டிய நிபுணர் குழு, இவ்வாறு நின்று சிறுசுமை எடுக்கும் வேலைக்கு 2.2 மடங்கு என்று இலக்கம் தந்துள்ளது. உறக்கம் 1, குளித்தல், உடுத்தல் முதலியன 2.3, உண்ணல் 1.5, சமைத்தல் 2.1; கூட்டுதல், துவைத்தல் முதலிய வீட்டுவேலை 2.3, நடத்தல் 3.2, அமர்ந்து கதைத்தல் 1.4. எட்டு மணித்தியாலம் உறங்கி, ஒரு மணி நடந்து, இரண்டு மணி சமைத்து, ஒரு மணி வீட்டுவேலை செய்து, எஞ்சிய நேரத்தைக் குளித்தற்கும் உணவுக்கும் ஓய்வுக்கும் பகிர்ந்தால், அவளுடைய நாட்செலவு ஏறத்தாழ 2,190 கலோரி ஆகின்றது.

அதே பெண் அதே எட்டு மணித்தியாலமும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்தால்? அமர்ந்த வேலைக்கு மடங்கு 1.5. செலவிலே ஏறத்தாழ 290 கலோரி குறையும். இஃது 80 கிராம் அரிசியின் சக்திக்கு ஒப்பாகும். எட்டு மணித்தியாலம் காலில் நின்று ஓடியாடியதன் விலை இரண்டு பிடி அரிசிதானா என்று வாசகர் வியத்தல் கூடும். அதனினும் வியப்பொன்றுண்டு. ஓடியாடாது வெறுமனே நிற்பதற்கு இன்னும் குறைந்த செலவே ஆகின்றது. பல ஆய்வுகளை ஒருங்கு வைத்து நோக்கி 2018ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடொன்று, அமர்ந்திருப்பதைவிட நிற்பதற்கு நிமிடத்துக்கு 0.15 கலோரியே மிகுதியாகச் செலவாகின்றது என்கின்றது. ஆறு மணித்தியாலம் நின்றாலும் 54 கலோரி! ஒரு வாழைப்பழத்திலும் அதனினும் மிகுதியுண்டு.

களைப்பு வேறு, கலோரி வேறு

ஆசிரியராக உள்ளோர் இதனை எளிதில் நம்பார். ஐந்து பாடவேளை நின்று கற்பித்தபின் காலும் இடுப்பும் படும் பாட்டை அறிந்தவர்கள் அவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். ஆனால் இங்கே முரண்பாடு ஒன்றுமில்லை. களைப்பு வேறு, கலோரி வேறு. அசையாது நிற்கையில் காற்றசைகள் இறுகியபடியே இருக்கின்றன. நடக்கையில் அவை சுருங்கி விரிந்து, குருதியை மேல்நோக்கித் தள்ளித் தரும். நிற்கையில் அத்துணை கிட்டாமையால் குருதி காலிலே தேங்குகின்றது, நாளம் புடைக்கின்றது, கணுக்கால் வீங்குகின்றது. எரிபொருள் சிறிதே செலவாகும், இயந்திரமோ தேய்கின்றது.

ஆகவே, “நிற்பதற்கு அதிகம் செலவாவதில்லை, எனவே நின்றுழைப்பவர்க்கு வருத்தமில்லை” என்று முடிவு செய்தல் பெருந்தவறு. துணிக்கடைகளிலே காலை முதல் இரவு வரை நின்றே பணிபுரிந்த பெண்களின் துன்பம் நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தது. கேரளம் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும் கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலைக்கிடையே அமர்வதற்கு இருக்கை அளிக்கப்படல் வேண்டும் என்று விதித்தன. அச்சட்டங்களைக் கொண்டுவரச் செய்தது கலோரிக் கணக்கன்று, அப்பெண்களின் முறையீடே. கணக்கு அளக்கும் பொருளும் உண்டு. அளவாப் பொருளும் உண்டு.

வீட்டுக்குள் மறையும் உழைப்பு

இனி, அதே வயதும் அதே நிறையும் உடைய மற்றொரு பெண்ணை நோக்குவோம். இவள் பிறர் நிலத்திலே நாட்கூலிக்குக் களை பிடுங்கச் செல்பவள். இயந்திரங்கள் வந்தபின் அருவிவெட்டிலும் சூடடிப்பிலும் கையுழைப்புக் குறைந்துவிட்டது. எனினும் களையும் தோட்டவேலையும் கையை விட்டுப் போய்விடவில்லை. இயந்திரமில்லா நிலவேலைக்கு அட்டவணை தரும் மடங்கு 4.1, நீரும் விறகும் சுமந்து வருதற்கு 4.4.

இவள் ஏழு மணித்தியாலமே உறங்குகின்றாள். ஆறு மணி நிலவேலை. ஒரு மணி நீரும் விறகும். இரண்டு மணி சமையல். இரண்டு மணி கூட்டுதலும் துவைத்தலும். ஒரு மணி போக்குவரத்து நடை. குளித்தற்கும் உண்பதற்கும் ஒவ்வொரு மணி. மூன்று மணி சிறு ஓய்வு. கூட்டினால் நாட்செலவு ஏறத்தாழ 2,920 கலோரி. கடைப்பெண்ணைவிட 730 கலோரி மிகுதி.

இவ்விலக்கங்களை முழுவதும் நம்பிவிடலாகாது. மேற்சொன்ன சமன்பாடு பெரும்பாலும் மேலைநாட்டு மக்களை அளந்து ஆக்கப்பட்டது. வெப்பவலயத்து மக்களின் அடிப்படைச் செலவை அது நூற்றுக்கு 8 முதல் 10 வரை மிகைப்படக் காட்டுகின்றது என்று பின்வந்த ஆய்வாளர் கண்டனர். அதன்படி குறைத்தால் கடைப்பெண்ணின் செலவு ஏறத்தாழ 2,000 கலோரியாகவும், நிலவேலை செய்பவளுடையது ஏறத்தாழ 2,650 ஆகவும் அமையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட தேவைப்பட்டியலிலே, 55 கிலோகிராம் நிறையுள்ள பெண்ணுக்கு அமர்ந்த வாழ்க்கையாயின் 1,660, நடுத்தர உழைப்பாயின் 2,130, கடின உழைப்பாயின் 2,720 என்று காண்கின்றோம். நமது மதிப்பீடு அதனோடு பெரிதும் ஒத்துவருகின்றது. அப்பட்டியலின் வேரும் தமிழ்நாட்டிலேயே உள்ளது. நீலகிரியின் குன்னூரில் இயங்கிய உணவாராய்ச்சிக் கூடத்தின் தலைவராக இருந்த எய்க்ராய்ட் என்பார், 1937ஆம் ஆண்டில் இந்திய உணவுகளின் சத்தளவை அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். அக்கூடமே 1958ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய உணவூட்ட நிறுவனமாயிற்று.

இங்கே ஒன்று கருதத்தக்கது. “இவள் தொழில் என்ன?” என்று கேட்டால், “கூலிக்குக் களை பிடுங்குதல்” என்றே எழுதிக்கொள்வர். அவ்வாறு முணுமுணுக்காது எழுதப்பட்ட ஆறு மணித்தியாலத்திலே செலவானவை ஏறத்தாழ 1,280 கலோரி. எழுதப்படாத சமையல், துப்புரவு, நீர், விறகு ஆகியவற்றிலே செலவானவை ஏறத்தாழ 690. கூலி பெறும் உழைப்பின் பாதியினும் மிகுதி! கூலி இல்லாமையால் அது தொழில் என்று எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாமையால் அதற்கு வேண்டிய உணவும் எவர் நினைவிலும் இல்லை. நின்றுழைப்பவரின் கணக்கைத் தொழில்நேரத்தோடு நிறுத்தினால், பெண்களின் கணக்கிலே பெரும் பகுதி விடுபட்டுப்போகும். இருபத்துநான்கு மணித்தியாலத்தையும் எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

செலவு தேவையாகுமா?

இப்பொழுது கட்டுரையின் மையத்துக்கு வருவோம். ஒருவரது உண்மைச் செலவைக் கருவிகொண்டு அளந்து, 1,900 கலோரி என்று கண்டுவிட்டோம் என்க. அவர் 1,900 கலோரியே உண்கின்றார் என்றும் கண்டோம். வரவும் செலவும் ஒத்துவிட்டன. எனவே, அவருக்குக் குறையொன்றுமில்லை என்று கூறிவிடலாமா?

கூறலாகாது. ஏனெனில் உடல் ஓர் அடுப்பேயாயினும், தன் நெருப்பைத் தானே தணித்துக்கொள்ளும் அடுப்பு அது. விறகு குறைந்தால் மெல்ல எரியும். இரண்டாம் உலகப்போரின் இறுதியிலே, 1944–45இல், அமெரிக்காவின் மினெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீய்ஸ் என்னும் அறிஞர் 36 இளைஞர்களை அவர்தம் விருப்பத்தோடு 24 வாரம் அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். அடிப்படை அனுசேபமோ நூற்றுக்கு 40 அளவுக்குத் தாழ்ந்தது. அவர்கள் தாமாகச் செய்யும் அசைவுகளும் சுருங்கின. தேவையற்ற இடத்துக்கு ஓரடியும் எடுத்துவைக்க மனமின்றிச் சோர்ந்தனர். உணவு குறைந்தபோது செலவும் குறைந்தது; நலம் அதனோடு சேர்ந்து குறைந்தது.

இதனினும் நமக்கு அண்மையான சான்று ஒன்றுண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் தொழிலாளரிடையே எட்கேர்ட்டன், செனவிரத்தின முதலியோர் நடத்திய ஆய்வு 1979ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. கொழுந்து கொய்தல் நின்றும் நடந்தும் செய்யும் தொழில். மலைச்சரிவிலே சுமையோடு செய்யும் தொழில். அப்பெண்களிற் பலர்க்குக் குருதிச்சோகை இருந்தது. ஒரு சாரார்க்கு இரும்புச்சத்து மாத்திரையும், மற்றொரு சாரார்க்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுக்கப்பட்டன. ஒரு மாதம் கழிந்தபின், குருதியில் ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவரைவிட மிகுதியாகக் கொழுந்து கொய்தனர். சோகை கடுமையாக இருந்தவரிடமே முன்னேற்றமும் மிகுதியாகக் காணப்பட்டது. அதுமட்டுமன்று, சோகையுற்றோர் தம் அன்றாட வாழ்விலே எவ்வளவு அசைகின்றனர் என்பதைக் கருவிகொண்டு நாள் முழுதும் பதிந்து பார்த்தபோது, இரும்புச்சத்துப் பெற்றபின் அவர்தம் அசைவும் மிகுந்திருந்தது.

இதன் பொருள் என்ன? சத்து ஏறுமுன் அவர்கள் செலவிட்டது குறைவு. அக்குறைவு அவர்தம் இயல்பன்று, சோம்பலுமன்று. விறகு இருந்தும் காற்றுப் புகாத அடுப்பைப்போல, ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியற்ற குருதி அவர்களைத் தடுத்து நிறுத்தியிருந்தது. அவ்வேளை அவர்களின் கலோரிச் செலவை அளந்து, “இவர்களுக்கு இவ்வளவே தேவை” என்று ஒருவர் எழுதியிருந்தால், நோயையே அளவுகோலாக்கிய குற்றத்துக்கு அவர் ஆளாகியிருப்பார்.

பசித்தவர் செலவிடுவது அவரது தேவையன்று. தம் பசியோடு அவர் செய்துகொண்ட சமரசம். களைத்த தாய் மாலையிலே பிள்ளையோடு விளையாடாமல் திண்ணையில் சாய்ந்துவிடுகின்றாள். விறகுக்குச் செல்பவள் அண்மையிலே கிடைத்த சுள்ளியோடு திரும்பிவிடுகின்றாள். மாணவன் நண்பகலின் பின் மேசையிலே தலைசாய்க்கின்றான். உடல் சிக்கனம் செய்கின்றது. அச்சிக்கனத்தின் விலையை விளையாட்டும் கல்வியும் வீட்டு மகிழ்ச்சியும் கொடுத்துத் தீர்க்கின்றன. கலோரிக் கருவியிலே இவ்விழப்புக்கு இலக்கம் இல்லை; அங்கே இது சேமிப்பாகவே தோன்றும்.

ஒரே உழைப்பு, இரு முகம்

வயிறு நிறைந்தோர்க்கு நின்றுழைத்தல் நன்மையே செய்கின்றது என்பதையும் மறைத்தலாகாது. 1953ஆம் ஆண்டிலே ஜெரி மொறிஸ் என்னும் மருத்துவரும் அவரது குழுவினரும் இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பஸ்களில் பணிபுரிவோரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். சாரதி நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ நின்றும், நடந்தும், வேலைநாளொன்றில் 500 முதல் 750 வரையான படிகளில் ஏறியும் இறங்கியும் உழைப்பவர். இதயநோய் சாரதிகளை விட நடத்துநர்களிடையே குறைவாகக் காணப்பட்டது. 1956ஆம் ஆண்டிலே ஜீன் மேயரும் அவரோடு ஆராய்ந்தோரும் மேற்கு வங்காளத்துச் சணல் ஆலையொன்றிலே 200க்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோதும் இத்தகைய பாடமே கிடைத்தது. உழைப்போரிடையே உழைப்பின் அளவுக்கேற்ப உணவின் அளவும் ஏறியது. ஆனால் அமர்ந்தே வாழ்ந்தவர்கள் உழைப்புக் குறைந்தும் உணவைக் குறைக்கவில்லை; அவர்தம் நிறை மிகுந்திருந்தது.

1965ஆம் ஆண்டிலே ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியின் பெயரே பத்தாயிரம் அடி என்னும் பொருளது. அமர்ந்து வாழ்வோரை எழுந்து நடக்கத் தூண்டுவதே அதன் பயன். இன்றைய மணிக்கட்டுக் கருவிகளின் மூதாதை அதுவே. அமர்ந்திருப்பவர்க்கு அஃது ஏற்ற தூண்டுகோல். ஆனால் தலையிலே விறகுக்கட்டைச் சுமந்து வைத்த அடியும், வெறுங்கையோடு வைத்த அடியும் அதற்கு ஒன்றே. முழந்தாள் மட்டும் சேற்றிலே காலைப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்துவைக்கும் பத்தடியின் அருமையை அது அறியாது. கரைவலையின் கயிற்றைப் பற்றி, மணலிலே குதிகாலை ஊன்றிப் பின்சாய்ந்து நிற்பவரை அது பெரும்பாலும் ஓய்ந்திருப்பவராகவே கொள்ளும்.

கணக்கு யாருக்காக?

கலோரிக் கணக்கு வெறும் ஆய்வுக்கூட விளையாட்டன்று. மக்களின் சோற்றை அது தீர்மானிக்கின்றது. இடர்க்காலங்களிலே இடம்பெயர்ந்தோர்க்கு உணவு வழங்கும் உலக நிறுவனங்கள், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்னும் இலக்கத்தைத் திட்டமிடலின் தொடக்கமாகக் கொள்கின்றன. குழந்தை முதல் முதியோர் வரை எல்லோரையும் சேர்த்த சராசரி அது. மெல்லிய உழைப்பையே கருதிக் கணித்தது. கடின உழைப்பும் குளிரும் நோயும் இருப்பின் கூட்டவேண்டும் என்று அவர்தம் விதியே சொல்கின்றது. ஆயினும் ஓர் இலக்கம் பலகாலம் வழங்கிவந்தால், அதன் நிபந்தனைகள் உதிர்ந்து இலக்கம் மட்டும் எஞ்சிவிடுவது உலக இயல்பு.

இதனைக் கதிரவெளியை வைத்துச் சொல்வது பொருத்தமற்றதன்று. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல்கோள் அக்கரையைத் தாக்கியது. 2006ஆம் ஆண்டிலே போரினால் இடம்பெயர்ந்த மக்கள் அவ்வூருக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் அடைக்கலம் புகுந்திருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்திலே அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பி வாழும் இடம்பெயர்ந்த மக்கள், எந்நாட்டிலாயினும், மெல்லிய உழைப்போடு வாழ்பவர் அல்லர். நீருக்கு நிற்கின்றனர்; விறகுக்கு நடக்கின்றனர்; பிள்ளையைச் சுமக்கின்றனர்; கூடாரத்தை நாட்டுகின்றனர்; மீண்டும் பிடுங்குகின்றனர். சோற்றின் அளவை வகுப்பவர் மேசைமுன் அமர்ந்து வகுக்கின்றார். பெறுபவரோ நின்று பெறுகின்றார். இவ்விருவர்க்கும் இடையிலுள்ள தொலைவை எந்தச் சராசரியும் காட்டாது.

ஆகவே, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். விஞ்ஞானப் பாடத்திலே இக்கணக்கைச் செய்யுங்கள். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் நின்றுழைக்கும் ஒருவரின் ஒரு நாளை, எழுந்தது முதல் உறங்கியது வரை, அரைமணிக்கு ஒருமுறையாக எழுதி வரட்டும். நிறையைக் கேட்டு அடிப்படைச் செலவைக் கணிக்கட்டும். மடங்குகளைப் பெருக்கிக் கூட்டட்டும். பக்கத்திலே, அன்று அவர் உண்ட உணவின் அளவையும் குறிக்கட்டும். பெண்ணாயின் வீட்டுவேலையின் ஒரு மணித்தியாலமும் விடுபடலாகாது.

இவை போதா. மூன்றாவதாக ஒரு நிரல் வேண்டும். “செய்ய விரும்பியும், உடல் இடங்கொடாமையால் இன்று நீங்கள் செய்யாமல் விட்டது என்ன?” என்று அவரைக் கேட்டு, விடையை அந்நிரலிலே எழுதவேண்டும். முதல் இரண்டு நிரல்களும் ஒத்துவருதல் கூடும். உடல் எவ்வாறேனும் அவற்றை ஒத்துவரச் செய்துவிடும். மூன்றாம் நிரல் நீண்டிருக்குமாயின், அந்த வீட்டிலே சோறோ, இரும்புச்சத்தோ, ஓய்வோ குறைவு என்று அறியலாம். அவருக்கு எது வேண்டும் என்பதை அந்நிரலைக் கொண்டே ஆராயத் தொடங்கவேண்டும்.